யார் கொடுத்த ஆர்டர்? ஸ்டார் வார்ஸ் குடியரசு சட்டப்படியே செத்த விதம்

சிங்கப்பூரின் ஒன்-நார்த் வட்டாரத்தில் 'சேண்ட்கிராலர்' என்ற கண்ணாடிக் கட்டடம் இருக்கிறது. ஸ்டார் வார்ஸ் படத்தில் பாலைவன மணலில் ஊர்ந்துபோகும் பழைய இரும்பு வண்டியின் சாயலில் கட்டப்பட்டது. லூகஸ்ஃபிலிம் நிறுவனம் 2014இல் அங்கே குடிவந்தது. அதன் சிங்கப்பூர்க் கலைக்கூடம் மூடப்படும் என்ற அறிவிப்பு 2023இல் வந்தது. கட்டடம் மட்டும் அப்படியே நிற்கிறது. ரசிகர்கள் ஸ்டார் வார்ஸ் நாளாகக் கொண்டாடும் மே 4ஆம் தேதி வந்தால் வாட்ஸ்அப் குழுக்களில் ஒளிவாள் படங்கள் சுற்றும். படங்களைப் புதிதாகப் பார்க்கும் பிள்ளைகள் கேட்கும் கேள்வியும் கூடவே வரும்: ஆயிரம் ஆண்டு நின்ற குடியரசு ஒரே ஆளின் கைக்கு எப்படிப் போனது? யாருமே தடுக்கவில்லையா?

வழக்கமாகச் சொல்லப்படும் விடை, "அவன் சித் பிரபு, மாயசக்தி உள்ளவன்" என்பது. படத்தைக் கவனித்துப் பார்த்தால் அந்த விடை நிற்காது. அந்த ஆளான பல்படீன் பதவிக்கு வந்தது, அவசரகால அதிகாரம் பெற்றது, பதவிக்காலம் முடிந்தும் நீடித்தது, பேரரசர் ஆனது ஆகிய நான்கு படிகளிலும் மாயம் எதுவும் தேவைப்படவில்லை. தீர்மானம், வாக்கெடுப்பு, கைத்தட்டல் போதுமாயிருந்தன. தீய சக்தியால் ஜெடாய்களின் பார்வை மங்கிவிட்டது என்று படம் சொல்வது உண்மைதான். மங்கியது ஞானக்கண். ஊனக்கண்ணுக்கு எதிரே காகிதங்கள் கிடந்தன.

முதலில் யார் யார், எது எது

1999, 2002, 2005 ஆகிய ஆண்டுகளில் வந்த மூன்று படங்கள், 1977இல் தொடங்கிய மூலப் படங்களுக்கு முன்கதை. ஆயிரக்கணக்கான கோள்களின் கூட்டாட்சிதான் குடியரசு. அதன் பேரவை செனட். அதன் தலைவர், நிர்வாகத்துக்கும் தலைவர், சான்சலர். ஜெடாய்கள் ஒளிவாள் ஏந்திய துறவியர் அமைப்பு. படை இல்லாத குடியரசில் அமைதி காப்பது அவர்கள் வேலை. அவர்களை ஒரு கவுன்சில் நடத்துகிறது. சித் என்பது ஜெடாய்களின் பழைய எதிரிக் கூட்டம். நபூ கோளின் செனட்டர் பல்படீன்தான் இரகசியத்தில் சித் தலைவர் டார்த் சிடியஸ். இந்த இரட்டை வேடம் தெரிந்திருந்தால் போதும்.

பேரவையில் இடம் உள்ள கம்பெனி

1999 படத்தின் முதல் வரிகள் வணிகப் பாதைகளுக்கு வரி விதிப்பது பற்றிய தகராறைச் சொல்கின்றன. அன்று பலர் இதைக் கேலி செய்தார்கள். துறைமுகத்தை நம்பிப் பிழைக்கும் ஊரில் இருப்பவர்களுக்கு இதில் கேலிக்கு ஒன்றுமில்லை. வரியை எதிர்த்து வணிகக் கூட்டமைப்பு என்ற கப்பல் நிறுவனம் நபூவைச் சுற்றிப் போர்க்கப்பல்களை நிறுத்தி, உள்ளே எதுவும் போகாமல் தடுக்கிறது. ஒரு வணிக நிறுவனத்துக்குச் சொந்தப் படை எப்படி என்று வியப்பவர்கள் கிழக்கிந்தியக் கம்பெனியை நினைத்துக்கொள்ளலாம். 1819இல் ராஃபிள்ஸ் இங்கே வந்திறங்கியது அந்தக் கம்பெனியின் அதிகாரியாகத்தான். கூடவே அதன் சிப்பாய்களும் வந்தார்கள்.

கம்பெனிக்குப் படை இருந்ததைவிடப் பெரிய கோளாறு, அதற்கு செனட்டிலேயே ஓர் இருக்கை இருந்தது. எந்தக் கோளையும் சேராத வணிக நிறுவனம், குற்றம் சாட்டப்பட்ட தரப்பு, பேரவைக்குள் எழுந்து ஆட்சேபம் சொல்கிறது. நபூவின் அரசி பத்மே அமிடாலா படையெடுப்பைப் பற்றி முறையிட்டதும் அதன் பிரதிநிதி கேட்பது ஒன்றே: ஆதாரம் இல்லை, ஆணையம் அனுப்புங்கள். இன்னொரு கோளின் பிரதிநிதி அதை வழிமொழிகிறார். சான்சலர் வலோரம், காதில் கிசுகிசுத்த அதிகாரிகளைக் கேட்டுவிட்டு, ஆணையம் விசாரித்து முடியும்வரை தீர்மானத்தைத் தள்ளிவைக்க முடியுமா என்கிறார்.

விசாரணை ஆணையம் தவறான கருவி அல்ல. நடந்துமுடிந்த ஒன்றை ஆராய அது பொருந்தும். நடந்துகொண்டிருக்கும் முற்றுகைக்கு ஆணையம் போட்டால், அறிக்கை வரும்போது ஊர் இருக்காது. நீதிமன்றம் போகலாமே என்றால், அது செனட்டைவிட மெதுவானது என்று அரசியே பல்படீனிடம் சொல்லிவிடுகிறார். அது பொய்யும் அல்ல. பத்தாண்டு கழித்து நடக்கும் அடுத்த படத்தில், உச்ச நீதிமன்றத்தில் நான்கு வழக்குகளைச் சந்தித்த பிறகும் நூட் கன்ரேதான் அந்தக் கூட்டமைப்பின் தலைவர் என்று போகிறபோக்கில் ஒரு வசனம் வருகிறது. மூன்று படங்களிலும் ஊழலை இவ்வளவு சிக்கனமாகச் சொன்ன வரி வேறில்லை.

இரண்டு கதவும் மூடியிருக்க, மிச்சமிருந்தது நம்பிக்கையில்லாத் தீர்மானம். அந்த யோசனையைத் தந்தவர் பல்படீன். தீர்மானம் வென்றால் காலியாகும் நாற்காலிக்கு வேட்பாளரும் அவரே. தன் கோள் படும் துன்பத்துக்கான அனுதாபமே தனக்கு வாக்காகும் என்று கூச்சமில்லாமல் சொல்கிறார். அந்தத் துன்பத்தை ஏவிவிட்டவரும் அவர்தான் என்பது அரசிக்குத் தெரியாது. ஆனால் யோசனை சொல்பவருக்கே அதனால் ஆதாயம் என்பது தெரிந்த விஷயம்தானே. அலுவலகக் கொள்முதல் குழுவில் உட்காரும் கீழ்நிலை அதிகாரிகூட, ஏலத்தில் உறவினர் இருந்தால் எழுதிக்கொடுத்துவிட்டு எழுந்துபோக வேண்டும். கேலக்சிக் குடியரசில் அந்தப் படிவம் இல்லை போலும்.

பில் இல்லாத படை

இதுதான் கதையின் மையம், பலர் கவனிக்காமல் தாண்டிப்போகும் இடமும் இதுதான். 2002 படத்தில் ஓபி-வான் கெனோபி என்ற ஜெடாய் ஒரு கொலை முயற்சியைத் துப்பறிந்துகொண்டு கமீனோ என்ற கோளைத் தேடுகிறார். ஜெடாய் ஆவணக்காப்பகத்தில் அது இல்லை. எங்கள் ஆவணத்தில் இல்லாதது உலகத்திலேயே இல்லை என்று நூலகர் முகத்திலடித்தாற்போல் சொல்கிறார். ஈர்ப்புவிசை இருக்கிறது, கோள் இல்லை. யாரோ பதிவை அழித்திருக்கிறார்கள், அதுவும் ஒரு ஜெடாய்தான் அழித்திருக்க முடியும் என்று ஜெடாய்களின் மூத்த குரு யோடா சொல்கிறார். போய்ப் பார்த்தால் அங்கே குடியரசுக்காக ஒரு படையே வளர்ந்துகொண்டிருக்கிறது: 2,00,000 அலகுகள் தயார், மேலும் 10 லட்சம் தயாராகிக்கொண்டிருக்கின்றன. ஜாங்கோ ஃபெட் என்ற கூலி வேட்டைக்காரனின் நகல்கள். 'அலகு' என்பது அவர்களுடைய சொல். மனிதர்களைத்தான் சொல்கிறார்கள்.

எந்த அரசுக் கொள்முதலிலும் நான்கு வேலைகளை நான்கு கைகளில் பிரித்துவைப்பார்கள்: தேவை என்று சொல்பவர், ஒப்புதல் தருபவர், பொருளைப் பெற்றுச் சரிபார்ப்பவர், பணம் கட்டுபவர். சிங்கப்பூரில் அரசாங்க ஏல அறிவிப்புகள் ஜீபிஸ் இணையவாசலில் எல்லோரும் பார்க்கும்படி வருவதும், தலைமைக் கணக்காய்வாளர் அலுவலகம் ஆண்டுதோறும் குறைகளைப் பட்டியலிட்டு அறிக்கை வெளியிடுவதும் இந்தப் பிரிவினை உண்மையில் நடக்கிறதா என்று பார்க்கத்தான். தேதி பின்னால் போட்ட ஒரு கொட்டேஷன் அகப்பட்டாலும் அது அறிக்கையில் ஏறிவிடும். அந்தக் கண்ணோடு கமீனோ ஆர்டரைப் பாருங்கள்:

1. கேட்டவர். சைஃபோ டயஸ் என்ற ஜெடாய். அவர் இன்னும் கவுன்சிலில் முக்கிய உறுப்பினர்தானே என்று கமீனோவின் பிரதமர் விசாரிக்கிறார். அவர் கொல்லப்பட்டு ஏறக்குறைய பத்தாண்டு ஆகிவிட்டது.

2. ஒப்புதல். கவுன்சிலுக்கு ஒன்றும் தெரியாது. செனட்டில் படை வேண்டுமா என்ற விவாதமே அப்போதுதான் நடந்துகொண்டிருக்கிறது. சரக்கு தயார், வாங்கலாமா என்ற வாக்கெடுப்பு பாக்கி.

3. பணம். யார் கட்டினார், எந்தக் கணக்கிலிருந்து கட்டினார்? படத்தில் ஒருவர்கூடக் கேட்பதில்லை.

4. மூலப்பொருள். தன்னை வேலைக்கு எடுத்தவர் டைரனஸ் என்ற ஆள் என்று ஜாங்கோ ஃபெட் வெளிப்படையாகச் சொல்கிறான். ஆர்டர் கொடுத்த பெயர் ஒன்று, ஆள் பிடித்த பெயர் வேறொன்று. இந்த ஒரு முரண்பாடு போதும், எந்தக் கணக்காய்வாளரும் கோப்பைத் தனியே எடுத்துவைத்துவிடுவார். டைரனஸ் என்பது குடியரசிலிருந்து பிரிந்துபோக நிற்கும் பிரிவினைவாதிகளின் தலைவர் டூக்குவின் சித் பெயர். அதாவது எதிரிப்படையின் தலைவரே குடியரசின் படைக்கும் ஏற்பாடு செய்தவர்.

5. சரிபார்ப்பு. சரக்கைப் பெற்றுக்கொண்டது யோடா. சோதனை நடக்கவில்லை. நேரே போர்க்களம்.

ஐந்தாவதுதான் உயிரைக் குடித்தது. நகல் வீரர்கள் ஒவ்வொருவர் மூளையிலும் ஒரு சில்லு இருந்தது என்பதைப் பின்னர் வந்த 'குளோன் வார்ஸ்' அசைவூட்டத் தொடர் விளக்குகிறது. 'ஆணை 66' என்ற சொல் வந்ததும், தங்களை வழிநடத்தும் ஜெடாய் தளபதிகளையே சுட்டுவிடுவார்கள். ஒரு வீரனின் சில்லு முன்கூட்டியே பழுதாகி அவன் ஒரு ஜெடாயைச் சுடுகிறான். ஃபைவ்ஸ் என்ற இன்னொரு வீரன் காரணத்தைத் தேடிச் சில்லைக் கண்டுபிடிக்கிறான். புகார் யாரைச் சுட்டுகிறதோ அந்த சான்சலரிடமே அவனை அழைத்துப்போகிறார்கள். அவன் குற்றவாளியாக்கப்பட்டுச் சுட்டுக்கொல்லப்படுகிறான். ஒட்டுண்ணித் தாக்கம் என்று எழுதிக் கோப்பு மூடப்படுகிறது.

அதே தொடரில் ஜெடாய்களுக்கு இன்னொரு வாய்ப்பும் வருகிறது. டைரனஸ்தான் டூக்கு, படையை உருவாக்கியது எதிரி என்பதை அவர்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள். வெளியே சொன்னால் போர்முனையில் படைமீதான நம்பிக்கை போய்விடும் என்று அதை மறைக்க முடிவு செய்கிறார்கள். சூதில் ஏமாந்தவர்களை மன்னிக்கலாம். ஏமாந்தது தெரிந்த பிறகும் மறைத்தவர்கள் பாதிக்கப்பட்டவர்கள் என்ற இடத்தை இழந்துவிடுகிறார்கள். எனவே ஜெடாய்களின் அழிவை வெறும் துரோகக் கதையாகச் சொல்வது சரியல்ல.

அவசர அதிகாரத்துக்கு முடிவுத் தேதி

படை இருக்கிறது, அதைப் பயன்படுத்தச் சட்டம் இல்லை. சான்சலருக்கு அவசரகால அதிகாரம் தந்தால் அவரே ஒப்புதல் தந்துவிடுவார் என்கிறார் அவைத் துணைத்தலைவர் மாஸ் அமெடா. அப்படியொரு தீர்மானத்தைக் கொண்டுவரும் துணிச்சல் யாருக்கு உண்டு என்று பல்படீன் பெருமூச்சு விட, பக்கத்தில் நின்ற ஜார் ஜார் பிங்ஸ் மாட்டிக்கொள்கிறார். இவர், இப்போது நபூவின் செனட்டராக இருக்கும் பத்மேயின் இடத்தில் தற்காலிகமாக இருப்பவர். பத்மே அந்தப் படைச் சட்டத்தையே எதிர்த்துக்கொண்டிருந்தவர். பிரதிநிதியின் பிரதிநிதி, பிரதிநிதியின் நிலைப்பாட்டுக்கு நேர்மாறான தீர்மானத்தை முன்வைக்கிறார். அவை ஆரவாரம் செய்கிறது. ஜார் ஜாரைக் கோமாளி என்று திட்டுவதில் பயனில்லை. அவர் இல்லாவிட்டால் இன்னொருவர் கிடைத்திருப்பார்.

தீர்மானத்தில் எது இல்லை என்று பார்ப்பதுதான் முக்கியம். நெருக்கடி தணிந்ததும் அதிகாரத்தைத் துறப்பேன் என்று பல்படீன் வாக்குக் கொடுக்கிறார். வாக்கு மட்டும்தான். தேதி இல்லை. நெருக்கடி தணிந்ததா என்று முடிவுசெய்பவரும் அவரே, நெருக்கடியை நடத்துபவரும் அவரே.

பழைய ரோமில் நெருக்கடிக்கால சர்வாதிகாரிக்கு ஆறு மாதம்தான் தவணை. கி.மு. 44இல் சீசர் அதை வாழ்நாளுக்கு ஆக்கிக்கொண்டார். ஆனால் தேதி போட்டுவிட்டால் மட்டும் போதும் என்றும் சொல்லிவிட முடியாது. 1933 மார்ச் 23இல் ஜெர்மன் நாடாளுமன்றம் ஹிட்லர் அரசுக்குச் சட்டமியற்றும் அதிகாரத்தைக் கொடுத்தபோது, நான்கு ஆண்டு என்று தெளிவாகவே எழுதியிருந்தது. எதிர்த்து வாக்களித்தவர்கள் சமூக ஜனநாயகக் கட்சியின் 94 பேர். 1937இல் தவணை முடிந்தபோது அதை நீட்டிக்க உட்கார்ந்திருந்தது ஒரே கட்சி மிஞ்சிய அவை. தேதியும் வேண்டும், அந்தத் தேதியில் 'வேண்டாம்' என்று சொல்லக்கூடிய அவையும் வேண்டும்.

தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு இந்திய நெருக்கடிநிலை. 1975 ஜூன் 25இல் உள்நாட்டுக் குழப்பம் என்ற காரணத்தில் அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் 1976 ஜனவரி 31இல் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. அதே ஆண்டில் நடக்கவேண்டிய மக்களவைத் தேர்தலை, நாடாளுமன்றமே தன் ஆயுளை நீட்டித்துக்கொண்டு தள்ளிப்போட்டது. பதவிக்காலம் முடிந்தும் பல்படீன் போகவில்லையே என்று ஓபி-வான் கேட்கும்போது, செனட்தான் இருக்கச் சொன்னது என்று இளம் ஜெடாய் அனகின் தரும் பதில் இந்த வகையைச் சேர்ந்தது. பின்னர் 1978இல் வந்த 44ஆம் திருத்தம் ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைத்தது: உள்நாட்டுக் குழப்பம் என்பதற்குப் பதில் ஆயுதக் கிளர்ச்சி, அமைச்சரவையின் எழுத்துபூர்வ பரிந்துரை, ஒரு மாதத்துக்குள் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பு. கேலக்சிக் குடியரசுக்குத் தேவைப்பட்டது ஏறக்குறைய இதே பட்டியல்தான்.

சிங்கப்பூரில் குற்றவியல் சட்டம் (தற்காலிக ஏற்பாடுகள்) 1955இல் வந்தது. விசாரணையின்றித் தடுத்துவைக்க இடம் தரும் சட்டம். பெயரில் தற்காலிகம், வயதில் எழுபது என்று சிரிக்கத் தோன்றும். அதன் ஆயுள் முடியும்போதெல்லாம் அமைச்சர் நாடாளுமன்றத்துக்கு வந்து, ஏன் இன்னும் தேவை என்று பேசி, வாக்கு வாங்கித்தான் ஐந்தாண்டு நீட்டிக்க வேண்டியிருக்கிறது. 2024இலும் அப்படித்தான் நீட்டிக்கப்பட்டது. அந்தச் சட்டம் வேண்டுமா என்பது தனி விவாதம். இங்கே கவனிக்கவேண்டியது, சும்மா இருந்தால் அது தானாகச் செத்துவிடும் என்பது. பல்படீனுக்குக் கிடைத்த அதிகாரம் நேர்மாறு: சும்மா இருந்தால் அது வளரும்.

காவல்காரரும் அவர்களே, தளபதியும் அவர்களே

போர் தொடங்கும் முன், நாங்கள் அமைதி காப்பவர்கள், போர்வீரர்கள் அல்ல என்று ஜெடாய் கவுன்சிலின் மூத்த உறுப்பினர் மேஸ் விண்டு சான்சலரிடம் சொல்கிறார். அதே படம் முடிவதற்குள் அவர்கள் படை நடத்துகிறார்கள். அதிலிருந்து அவர்களால் சான்சலரைக் கேள்வி கேட்க முடியவில்லை. அவர்தான் போர்த் தலைவர். தங்கள் ஆற்றல் குறைந்துவருவதை செனட்டிடம் சொல்லவேண்டாமா என்ற பேச்சு வந்தபோதும், சொன்னால் எதிரிகள் பெருகுவார்கள் என்று மறைக்கிறார்கள்.

2005 படத்தில் நிலைமை முற்றுகிறது. சான்சலர் அனகினைத் தன் பிரதிநிதியாகக் கவுன்சிலில் அமர்த்துகிறார். கவுன்சில் அவனை ஏற்கிறது, குருப் பட்டம் தர மறுக்கிறது, பிறகு அவனையே சான்சலரை வேவு பார்க்கச் சொல்கிறது. கூட்டத்திலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், இது பதிவில் ஏறக்கூடாத வேலை என்று பதில். சட்டத்தைக் காப்பவர்கள் சட்டத்துக்கு வெளியே காலை வைத்த இடம் அது. அடுத்த கட்டமாக, சான்சலர் விலகாவிட்டால் செனட்டையே தாங்கள் கையில் எடுக்கவேண்டியிருக்கும் என்று கவுன்சிலில் பேசுகிறார்கள். கடைசியில் மேஸ் விண்டு பல்படீனை மடக்கிவிட்டு, நீதிமன்றமும் செனட்டும் அவன் கையில் இருப்பதால் உயிரோடு விடக்கூடாது என்கிறார். அவர் சொன்ன காரணம் சரி. ஆனால் ஜெடாய்கள் ஆட்சியைக் கவிழ்க்க முயன்றார்கள் என்று பல்படீன் மறுநாள் செனட்டில் சொன்னதற்கும் அதுவே சாட்சியாகிவிட்டது.

இந்த இடத்தில் நம் சிங்கப்பூர் அரசமைப்பின் ஒரு சிறிய பிரிவை நினைக்கலாம். லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவு பிரதமரின் கீழ் இயங்குவது. பிரதமரே விசாரணைக்குச் சம்மதிக்க மறுத்தால்? தேர்ந்தெடுக்கப்படும் அதிபர் முறை 1991இல் வந்தபோது சேர்க்கப்பட்ட பிரிவு 22ஜி, இயக்குநர் அதிபரின் இசைவைப் பெற்று விசாரிக்கலாம் என்கிறது. ஒரு கதவு மூடினால் தட்டுவதற்கு இன்னொரு கதவு. ஃபைவ்ஸுக்கு அந்த இரண்டாவது கதவு இல்லை. மேஸ் விண்டுவுக்கும் இல்லை. அவர் கையில் ஒளிவாள்தான் இருந்தது.

செத்த பிறகும் நடந்த கூட்டங்கள்

பேரரசு அறிவிக்கப்பட்ட நாளில் செனட் கலைக்கப்படவில்லை. பாதுகாப்பான சமுதாயத்துக்காக என்று பல்படீன் சொல்ல, உறுப்பினர்கள் எழுந்து கைதட்டினார்கள். அதன்பின் 19 ஆண்டு செனட் கூடிக்கொண்டே இருந்தது. ரோமில் அகஸ்டஸும் செனட்டை ஒழிக்கவில்லை. அதிகாரத்தை எடுத்துக்கொண்டு இருக்கைகளை விட்டுவைத்தார்.

செனட்டின் முடிவு 1977 படத்தில் ஒரு கூட்ட அறையில் ஒரே வாக்கியமாக வருகிறது. பேரரசர் அவையை நிரந்தரமாகக் கலைத்துவிட்டார், இனி வட்டார ஆளுநர்களே நேரடியாக ஆள்வார்கள், அச்சமே கோள்களை அடக்கிவைக்கும் என்கிறார் ஆளுநர் டார்கின். மேசையைச் சுற்றி இருந்தவர்களில் தளபதி டாகி ஒருவர்தான் வாய் திறந்து, அதிகாரவர்க்கம் இல்லாமல் பேரரசர் எப்படிக் கட்டுப்பாட்டை வைத்திருப்பார் என்று கேட்கிறார். அதே கூட்டத்தில் அவர் இன்னொன்றும் சொல்கிறார்: இந்த நிலையத்தின் (கூட்டம் நடக்கும் 'டெத் ஸ்டார்' என்ற விண்வெளிப் போர்நிலையத்தின்) தொழில்நுட்ப வரைபடம் கிளர்ச்சியாளர்கள் கையில் இருந்தால், அவர்கள் ஒரு பலவீனத்தைக் கண்டுபிடித்துப் பயன்படுத்தக்கூடும். சக தளபதி ஒருவர் அதைத் தட்டிக்கழிக்கிறார். அந்தப் பலவீனம், இரண்டு மீட்டர் அகலமுள்ள ஒரு வெப்பப் போக்கி.